டியூப்லைட் சண்டையும் ஏழு தையலும்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் இடது கையில் பெரிய கட்டு.

“டிவியில வர்ற மல்யுத்தத்துல சண்டை பொய்யி, ரத்தம் நெசம்” என்று அவர் சொன்னதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“அது தக்காளி சாஸுன்னு கேம்ப்ல எல்லாரும் சொல்றாங்களே மச்சான்?”

“சாஸெல்லாம் இல்லடா. மல்யுத்தக்காரன் மணிக்கட்டுல சுத்தியிருக்கிற டேப்புக்குள்ள பிளேடு வச்சிருப்பான். கீழ விழுந்து மூஞ்சிய மூடிக்கிறான்ல, அப்ப நெத்தியில கீறிக்குவான்.”

“அவனே கீறிக்குவானா?”

“அவனேதான்.”

“அப்ப டியூப்லைட்டால அடிக்கிறது?”

“நெச டியூப்லைட்டு. எலக்ட்ரீஷியன் எனக்குத் தெரியாதா? இதையெல்லாம் டிவியில காட்டக் கூடாதுன்னு அந்த மல்யுத்தக்காரங்க ஊர்லயே திட்டுறாங்களாம். ஆனா ரத்தத்தப் பாத்தாத்தான் கூட்டம் எந்திரிச்சு கத்துது.”

பக்கத்திலிருந்தவர் அவர் கைக்கட்டைச் சுட்டிக் காட்டினார்.

“உனக்கு எத்தன தையல்?”

“ஏழு.”

“கட்டட சைட்ல கம்பி அறுக்குற கிரைண்டர் வெட்டினதுதான?”

“ஆமா. ஆனா ரூம்ல வெங்காயம் நறுக்குனப்ப வெட்டிக்கிட்டேன்னு கம்பெனிக்காரங்க ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க. ‘விபத்து இல்லாத நாட்கள்’னு கேட்ல போர்டு இருக்குல்ல, அது திரும்ப சைபருக்குப் போயிரக் கூடாதாம்.”

“அடப்பாவிகளா! அதுல யாருடா கையெழுத்துப் போட்டது?”

“நான்தான். வலது கை நல்லாத்தான இருக்கு.”