அஞ்சாம் நாள் அம்மையாருக்கு, உறைபெட்டியின் மூன்றாம் அடுக்கிலிருந்து

நுண்ணோக்கியின் நுனியில் நூறாயிரம் உயிர்களை நோட்டமிட்ட நுண்மதியே! ஈஸ்ட்டின் மரபணுவை எழுத்தெண்ணிப் படித்த எங்கள் ஏற்றமே! முப்பத்திரண்டு ஆண்டுகள் மூலை மேசையை விட்டு நகராத மூத்த ஆய்வாளர் அம்மையாரே! பணி நிறைவு பெறும் தங்கள் முன் இம்மடலைப் பணிவுடன் படிக்கின்றோம். நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் நெளிவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் பேசிவிடுகிறோம், கேளாததுபோல் கேட்டுக்கொள்க.

மரபணுவில் உள்ள செய்தியை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் பொறி ஒன்று ஒவ்வொரு ஈஸ்ட் செல்லுக்குள்ளும் ஓயாது ஓடுகிறது. அந்தப் பொறியைச் செய்யும் மரபணுவிலேயே ஓரெழுத்து திரிந்துவிட்டால் என்னாகும் என்பதே அம்மையாரின் வாழ்நாள் வினா. திரிபுற்ற ஈஸ்ட்டை ஊட்டக்கூழ் ஊற்றிய வளர்ப்புத் தட்டில் பரப்பி, மூன்றாம் நாள் பார்த்து, ஒன்றும் முளைக்காவிட்டால் குப்பைக்கூடையில் போடுவது எங்கள் ஆய்வக வழக்கம். போட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்கு ஓடுவோம். அம்மையாருக்கும் வீடு இருந்தது. வீட்டில்தான் ஆள் இல்லை. துருவித் துருவி விசாரித்தும் எங்களுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவே. ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். வெறுந்தட்டென்று யாரோ ஒதுக்கி வைத்ததில், ஐந்தாம் நாள், கடுகில் பாதியாய் வெண்புள்ளிகள்! அவற்றுள் படியெடுக்கும் பொறி நின்றுவிடவில்லை. தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. அன்று முதல் அவர் 'அஞ்சாம் நாள் அம்மா'. பட்டம் சூட்டியவர்கள் நாங்களே. பாராட்டுவதற்காகச் சூட்டவில்லை என்பதையும் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

ஓய்வு பெறுபவர் உறைபெட்டியில் உறையவைத்துக் காத்த ஈஸ்ட் வகைகளின் பெட்டியை வேறொருவர் ஏற்றுக் கையொப்பமிடாவிட்டால், அதிலுள்ளவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. மூன்றாம் அடுக்கில் இருக்கும் அவருடைய ஒரே பெட்டிக்குரிய படிவம் ஒரு மாதமாக உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. 'பொறுப்பேற்பவர்' கட்டம் காலி. காலையில் வந்ததும் அம்மையார் முதலில் அதைத்தான் பார்ப்பார், பார்க்காததுபோல்.

கதவிடுக்கில் காது வைப்பது எங்களுக்குக் கைவந்த கலை. எட்டு நாள்களுக்கு முன், துப்புரவு செய்யும் அக்கா அவரைக் கேட்டார்:

"ஏம்மா, வாயத் தொறந்து யாரையாச்சும் கேட்டாத்தான் என்ன? முத்தா உதிர்ந்துடும்?"

"கேட்டா சரிம்பாங்கக்கா. சரின்னுட்டு மூணாம் நாளே தூக்கிப் போட்டுடுவாங்க."

"அப்ப அதுங்க கதி?"

"அதுங்களுக்கென்ன, தெரியவா போகுது? எனக்குத்தான் ஞாயித்துக்கெழம எங்க போறதுன்னு தெரியல."

எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே, அவரறியாமல், அந்தப் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்டை எடுத்து ஒரு தட்டில் பரப்பினோம். மூன்றாம் நாள், சொல்லவே நா கூசுகிறது, பழக்க தோஷத்தில் நாங்களே அதைக் கூடையில் போட்டோம். அம்மையார் அதை எடுத்து, துடைத்து, தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

எனவே அம்மையாரே, இனித் தங்களிடமே பேசுகிறோம்! அந்தக் காலிக் கட்டத்தில் இன்று காலை பதினொரு பேரும் கையொப்பமிட்டோம். இடம் போதாமல் ஓரத்திலும் கிறுக்கியிருக்கிறோம். ஆயினும் எங்களை நம்பிவிடாதீர்கள். இன்று செவ்வாய், மேடைக்கு வருமுன் புதிய தட்டொன்று பரப்பியாயிற்று. ஞாயிறன்று ஐந்தாம் நாள். தங்கள் சாவியைத் திருப்பிக் கேட்க வேண்டாமென்று வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டோம். மூலை நாற்காலியை எவரும் நகர்த்த மாட்டோம்.

தங்கள் உடலின் ஒவ்வொரு செல்லிலும் அந்தப் பொறி பிழையின்றி, பதற்றமின்றி, நெடுங்காலம் நடைபோடட்டும்! முழங்கால் வலி முற்றும் தீரட்டும்!

ஞாயிறன்று நாங்கள் எவரும் இங்கே இருக்கமாட்டோம், அதை மறைப்பதற்கில்லை. தட்டு இருக்கும்.

இங்ஙனம்,
பொறுப்பேற்பவர்கள் பதினொருவர்,
ஈஸ்ட் ஆய்வகம்