எலிக்கு முன்பே கொடுத்த பிரண்டை

தூறலுக்கும் அசையாமல் தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் சின்னப்பா அவர்களே, முழங்கால் வலியை மறந்து முன்வரிசைக்கு வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, மர்பி டவுன் தெருக்களில் என்னோடு பந்தாடிய தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் களைத்துப்போன ஒருவனின் வணக்கம்.

ஏன் களைப்பு? ஆறு நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. மாலை போடுமுன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். போட்டுவிட்டீர்கள். கனக்கிறது.

"அல்சரை அழித்த அறிஞர் உத்தமன்" என்றார் தலைவர். அறிஞனா? அழித்தவனா? நான் ஒரு மருந்தியல் கல்லூரியில் எலிகளோடு மாரடிக்கிற ஆய்வாளன். உங்கள் மாடித் தொட்டிகளில் படர்கிறதே பிரண்டை, அதை உலர்த்தினோம், இடித்தோம், சாராயத்தில் ஊறவைத்தோம், வற்றவைத்துப் பொடியாக்கினோம். சிரிக்காதீர்கள் தம்பிகளே, குடித்தது பிரண்டை, நானல்ல. அந்தப் பொடியைக் கரைத்துப் பட்டினி கிடந்த எலிக்கு ஊட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து, வயிற்றைப் புண்ணாக்கும் மருந்தைக் கொடுத்தோம். பொடி குடித்த எலிக்குப் புண் குறைவு, குடிக்காத எலிக்குப் புண் அதிகம். ஆறாண்டு உழைப்பு அவ்வளவுதான் ஐயா.

கவனித்தீர்களா? எலிக்கு முதலில் பிரண்டை, பிறகு புண். மனிதனுக்கோ முதலில் புண், பிறகுதானே பிரண்டை? வந்த புண்ணை அது ஆற்றுமா? தெரியாது. மனிதனுக்கு அளவென்ன? தெரியாது. கெடுதல் செய்யுமா? அதுவும் தெரியாது.

நம் தெருமுனையில் சங்கத்தின் கரும்பலகை நிற்கிறது. யார் வீட்டில் சாவு, எப்போது குழாயில் தண்ணீர், எல்லாம் அதில் எழுதுவது நம் வழக்கம். எழுதியதை அப்படியே நம்புவதும் நம் வழக்கம். போன மாதம் அதில், "நம் உத்தமன் அல்சருக்கு மருந்து கண்டுபிடித்தார். பிரண்டை போதும்" என்று எழுதினார்கள். எலி எங்கே? எலியைக் காணோம். அந்த எழுத்தை அழிக்க ஒரு கை போதும். எனக்கு இரண்டு கை இருந்தது. நான் என்ன செய்தேன்? பஸ் ஸ்டாப்புக்கு நேர்வழி இருக்க, சுற்றுவழியில் போய் மூன்று நாள் அதைப் படித்து மகிழ்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதே பலகையைப் பத்தாண்டு அல்சர்க்காரரான கிருஷ்ணப்பா அண்ணனும் படித்தார். மாத்திரையை நிறுத்தினார். நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்தாலும் நாக்கை அரிக்கிற பிரண்டையைப் பச்சையாக அரைத்து, வெறும் வயிற்றில் குடித்தார். மலம் கருத்தது. கழிவெல்லாம் இறங்குகிறது, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாராம். அது கழிவல்ல, இரத்தம். பன்னிரண்டாம் நாள் கக்கூஸ் வாசலில் விழுந்தார். நாலு பாட்டில் இரத்தம் ஏற்றியும் கசிவு நிற்கவில்லை. நாளைக் காலை ஆபரேஷன்.

யாரது கை தட்டுவது? வேண்டாம் ஐயா, இது கை தட்டுகிற இடமில்லை.

ஐந்து நாள் அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேற்று மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் ஜாஸ்தி அரைச்சுட்டேன் போல உத்தமா. உன் மேல தப்பில்லப்பா. அளவ உன்ன ஒரு வாட்டி கேட்டிருக்கணும்" என்றார். இல்லாத அளவைக் கேட்காமல் போனேனே என்று அந்த மனிதர் தன்னையே நொந்துகொள்கிறார். நான் என்ன செய்தேன்? தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தாய்மார்களே! பிரண்டையைத் துவையலுக்கு அரையுங்கள், மருந்துக்கு அரைக்காதீர்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லாத மாத்திரையை நிறுத்தாதீர்கள். மலம் கருத்தால் மறைக்காதீர்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது கேவலமல்ல. தெரிந்தும் வாய் மூடியிருந்தேனே, அதுதான் கேவலம்.

மூன்றாம் வரிசையில் அண்ணனின் மனைவி சந்திரம்மா அண்ணி, ஆஸ்பத்திரியில் மகளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணி, அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்... இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் அதிகமாக அரைக்கவில்லை, தப்பு என்னுடையது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே நான்தான் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. நான் கிளம்புகிறேன், வணக்கம்.