இரண்டாவது ஆன்டெனா

ரேடியோவுக்கு பேட்டரியிலிருந்து இழுக்கிற கம்பி இரண்டிலும் பியூஸ் போட வேண்டும், ஐயா. பெரும்பாலானவர்கள் சிவப்பில் மட்டும் போட்டுவிட்டுக் கறுப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். அது சோம்பேறித்தனம். மாப்பிள்ளையின் வண்டியில் நான் இரண்டிலும் போட்டிருக்கிறேன். உங்கள் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள் அல்லவா, அவர்களையே கேளுங்கள்.

நீங்கள் கேட்டது அதை இல்லை என்று தெரியும். வண்டி பழைய மலைப்பாதையில் சரிந்த அன்று, காலை பத்தே காலிலிருந்து மதியம் ஒன்றே முக்கால் வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை போய்விட்டார். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எனவே உங்கள் கேள்வி நியாயமானதுதான். வரிசையாகச் சொல்கிறேன். இடையில் நுழைந்தால் எனக்குக் குழம்பிவிடும்.

நான் வாகன எலெக்ட்ரீஷியன். பட்டறை வீட்டின் கீழ்த்தளத்தில். மாடியில் முப்பது அடிக் கம்பத்தில் என் ஆன்டெனா நிற்கிறது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற அமெச்சூர் ரேடியோ, முப்பது வருடமாக. எங்கள் ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் என்னைத் தவிர ஏழு பேர். பேக்கரிக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், இப்படி. மனைவி போன பிறகு எனக்கு இருந்தது இந்த ஏழு பேரும் என் ஒரே மகளும்தான்.

மாப்பிள்ளை அரசாங்கக் கால்நடை மருத்துவர். சொந்த பிக்கப் வண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு நாள் மலைக்குப் போவார். அங்கே செல்போன் எடுக்காது. மகள்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, அவர் வண்டில ஒரு ரேடியோ மாட்டிக் குடுங்கப்பா. மேல போயிட்டார்னா சாயங்காலம் வரைக்கும் எனக்கு உயிரே இல்ல."

மாப்பிள்ளையும் மறுக்கவில்லை. பரீட்சை எழுதினார், முதல் தடவையிலேயே தேறினார். என் கூட்டாளிகள் எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எல்லாருக்கும் ஒரே நாளில் பிடித்துப்போகிற மனிதரிடம் ஏதோ ஒன்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் துளை போட்டு, கம்பி உரசாமல் இருக்க ரப்பர் வளையம் செருகினேன். கூரையில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் ஆன்டெனாவின் அடிப்பகுதியை இறுக்கினேன். மாப்பிள்ளை டார்ச் அடித்துக்கொண்டு நின்றார், திருகாணி கேட்டால் எடுத்துக் கொடுத்தார். நடுவில் டீயும் போட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவு பணிவு எதற்கு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையை நகர்த்தப் போனபோதுதான் கவனித்தேன். அது கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. என் மகள் குள்ளம். அவள் உட்கார்ந்தால் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அப்படியானால் நீளமான காலோடு வேறு யாரோ அதில் உட்கார்கிறார்கள். இருக்கைக்கு அடியில் மிட்டாய்த் தாள்கள் வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில், உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை இருக்கைக்குக் கீழே கட்டினேன். ஆள் உட்கார்ந்தால் பெல்ட் போடச் சொல்லிக் கூவுமே, அதற்கான கம்பியில் சேர்த்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் பெட்டி விழித்துக்கொள்ளும். கேபினுக்குள் பேசுவது அத்தனையும் என் பட்டறைக்கு வந்துவிடும். மலையிலிருந்து வர வேண்டுமானால் அதற்கும் கூரையில் ஓர் ஆன்டெனா தேவைப்பட்டது.

"எதுக்கு மாமா ரெண்டு?" என்று கேட்டார் மாப்பிள்ளை, தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஒண்ணு ஒடிஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும் மாப்பிள்ளை."

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் மாமா."

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. இரண்டு ஆன்டெனா ஒரு முழ இடைவெளியில் நின்றால், ஒன்று பேசும்போது மற்றதற்குக் காது அடைத்துப்போகும். அதாவது சின்னப் பெட்டி வேலை செய்யும் வரை பெரிய ரேடியோவில் பேச முடியும், ஆனால் பதிலாக வருவது எதுவும் கேட்காது. புதிதாக வேலைக்கு வருகிறவன்கூட அப்படிப் பொருத்த மாட்டான். எனக்கும் தெரியும். மாப்பிள்ளை தனியாகப் போகும்போது பெரியது ஒழுங்காகத்தான் வேலை செய்யும், துணைக்கு ஆள் இருந்தால் ரேடியோவுக்கு என்ன அவசியம் என்று நினைத்தேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

நாலு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நீளமான கால் அவருடைய உதவியாளருடையது. ஆறடி ஆள், நாற்பது வயது, ஓயாமல் மிட்டாய் தின்பவர். ஆட்டுக்குக் கழிச்சல், மாட்டுக்கு மடிவீக்கம், இவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை யாரோ கன்றுக்குட்டியையே இருக்கையில் ஏற்றிவிட்டார்கள். அரை மணி நேரம் அது கத்தியதைக் கேட்டேன். அதற்காக என் சந்தேகம் போய்விடவில்லை. நாலு மாதம் ஒரு மனிதர் ஒரு தப்பான வார்த்தையும் பேசவில்லை என்றால், அவர் எவ்வளவு எச்சரிக்கையானவர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாவது மாதம் பிடிபட்டது. உதவியாளர் கேட்டார், "மாற்றல் ஆர்டர் வந்துடுச்சாமே சார், வீட்ல சொல்லிட்டீங்களா?"

"அவளுக்குத் தெரியும். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பதினாறு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் ஓர் ஊர். என் மகளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார். என் மூக்கு சும்மா வியர்க்கவில்லை பாருங்கள். அன்று எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டதே.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

அன்று உதவியாளருக்குக் காய்ச்சல். மகள் துணைக்குப் போனாள். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மலைக்கு இரண்டு பாதை உண்டு, புதியது, பழையது. புதுப்பாதையில் லாரி அதிகம், பழைய ரோட்டிலேயே போங்க என்று மகள்தான் சொன்னாள். நான் பட்டறையில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் அப்பாகிட்ட சொல்லிடலாம்," என்றாள். "ஆனா மாற்றலை நான்தான் கேக்கச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்களா கேட்டதாவே இருக்கட்டும்."

"சரி. என்மேலேயே போடு."

"எனக்கு மூச்சு விடணும்ங்க. அவ்வளவுதான்."

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறார். கேட்கிற உங்களுக்கே அது புரியும்.

பத்தே காலுக்கு ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு குரலும் வந்தன. ஓரம் இடிந்து வண்டி கீழே ஓடைக்குள் இறங்கி, ஓட்டுநர் பக்கம் பாறையில் நசுங்கியிருந்தது. மாப்பிள்ளையின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. தொடையில் ரத்தம் நிற்கவில்லை. மகளுக்கு ஒரு கை ஒடிந்திருந்தது. மற்றக் கையால் துணியை வைத்து அந்தக் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை பெரிய ரேடியோவில் கூப்பிட்டார். முறையாகத்தான் கூப்பிட்டார், பதறவில்லை. "ஏழாவது வளைவுக்குக் கீழ, ஓடைல கெடக்கோம். அடிபட்டிருக்கு. ஆள் அனுப்புங்க." பேக்கரிக்காரர் உடனே பதில் கொடுத்தார். "எந்தப் பாதை, பழசா புதுசா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஏழாவது வளைவு இரண்டிலும் இருக்கிறது, ஓடையும் இரண்டையும் கடக்கிறது. மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. மகள் பக்கத்து இருக்கையில் இருந்தாள் அல்லவா. அவள் எழுந்தால் சின்னப் பெட்டி அணைந்து பெரியது கேட்க ஆரம்பித்திருக்கும். காயத்திலிருந்து கையை எடுக்க முடியாததால் அவள் எழவில்லை.

"யாருமே பேசலையே," என்றார் மாப்பிள்ளை.

"அப்பா கேட்டுட்டுத்தான் இருப்பாரு. அந்த ரேடியோவ விட்டு எங்க போவாரு. வந்துருவாரு பாருங்க."

பேக்கரிக்காரரும் மற்றவர்களும் புதுப்பாதையில்தான் போனார்கள். எல்லாரும் போகிற பாதை அதுதான். ஆம்புலன்சும் அவர்கள் பின்னால் போனது. பழையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மைக்கை எடுத்தேன், பொத்தானையும் அழுத்தினேன். தபால்காரர், "யாருப்பா அது, பேசுங்க," என்றார். உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பார்களே. மகளுக்குத் தெரிந்துவிடுமே. பொத்தானை விட்டுவிட்டேன்.

பதினொன்றரைக்கு மகள், "சீட்டுக்கு அடில சிவப்பா ஏதோ எரியுது, என்னங்க அது?" என்றாள். மாப்பிள்ளை, "மாமா போட்டதா இருக்கும். வேண்டியதுதான் போட்டிருப்பாரு, தொடாத," என்றார். அந்த ஒன்றுக்காக அவரை இன்றும் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் பதிவு நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே இருக்கும் எண்கள் என்ன என்று கேட்டீர்கள். எங்கள் பழக்கம் அது. யாருடைய பேச்சு வந்தாலும் தெளிவுக்கு ஐந்துக்கு இத்தனை, பலத்துக்கு ஒன்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எழுதிவைப்போம். சிக்னலுக்குத்தான் போட வேண்டும். நான் குரல்களுக்குப் போட்டிருந்தேன். பதினொன்றுக்கு மகள் ஐந்து, ஒன்பது. மாப்பிள்ளை ஐந்து, ஏழு. பன்னிரண்டுக்கு மகள் அதே ஐந்து, ஒன்பது. மாப்பிள்ளை நாலு, நாலு. பன்னிரண்டே முக்காலுக்கு மகள் ஐந்து, எட்டு. மாப்பிள்ளைக்கு எதிரே கோடு போட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. பதினொன்று வரை நான் பயத்தில்தான் பேசாமல் இருந்தேன். எண்களை எழுத ஆரம்பித்த பிறகு பயம் இல்லை. மகளுக்கு ஒன்றும் ஆகாது, மாப்பிள்ளை தாங்க மாட்டார் என்று நோட்டிலேயே தெரிந்தது. நேரம் போனால் போதும் என்று ஆனது. மோட்டாரைத் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். ஒன்றே முக்காலுக்கு பேக்கரிக்காரர் தானாகவே யோசித்துப் பழைய பாதைக்கு வண்டியைத் திருப்பி அவர்களைக் கண்டுபிடித்தார். ஆம், மாப்பிள்ளையை நான்தான் சாக விட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மகள் என்னைப் பார்க்க மறுக்கிறாள் என்று சொன்னீர்கள். துக்கத்தில் இருக்கிறாள், அப்படித்தான் சொல்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து வேறு எங்கே போவாள்? நேற்று நீங்கள் என்னை அழைத்துவரும் முன்பே அவளுடைய அறையை வெள்ளையடித்து, கட்டிலை ஜன்னலோரம் போட்டு வைத்துவிட்டேன். உங்கள் ஆட்கள் வீட்டைச் சோதிக்கப் போனால் ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிக் கம்பி போகிறது, அதை யாரும் பிடுங்க வேண்டாம். அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும், வேறு ஒன்றுமில்லை. பத்திரமாகத்தான் மாட்டியிருக்கிறேன், இரண்டிலும் பியூஸ் இருக்கிறது.