பாதி வழிக்கு ஒரு டிக்கெட்

— எத்தனை தடவைண்ணா சொல்றது? நான்தான். கண்ணுக் கட்டுல இருந்து கையை எடு முதல்ல.

— எல்ட்ரிட் முஷோயன் ஊருல இருக்கா. இது ட்ரோன்ஹெய்ம் ஆஸ்பத்திரி. நீ யாரு?

— அந்த எல்ட்ரிட்டேதான். உன் தங்கச்சி. கேளு, கேளு, ரயில்ல வந்தேன்.

— யாரோட?

— என்னோட.

— விளையாடாதே. விடுதியில உன்னைப் பார்த்துக்கற குன்வோர் கூட்டிட்டு வந்தாளா?

— குன்வோரா! "உன் அண்ணன் தோர்லைஃப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ"ன்னா. அவனே கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கான், யாரைப் போய்க் கேக்கறதுன்னேன். சரி, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுன்னுட்டா. பண்ணிட்டேன்.

— எனக்கு ஆபரேஷன்னு உனக்கு யாரு சொன்னது?

— ஞாயித்துக்கிழமை உன் போன் வரலை. நீ வேலை பார்க்கற படகுப் பட்டறைக்குப் போட்டேன். கண்ணுக்குள்ள ஏதோ கிழிஞ்சிருச்சுன்னாங்க. இன்னொரு கண்ணும் உனக்கு மங்கல்தானே? ஏண்ணா எங்கிட்ட சொல்லலை?

— சொன்னா பயந்துடுவே.

— பயந்தேன்தான். பயந்துக்கிட்டே வந்தேன்.

— டிக்கெட்டு எப்படி வாங்கினே?

— என் கார்டுல.

— பொய் சொல்லாதே, எல்ட்ரிட். அந்தக் கார்டு ஒரு நாளைக்கு ஐந்நூறு குரோனருக்கு மேல தராது. போன்ல எதுவும் வாங்க விடாது. நான்தானே பேங்க்ல உக்காந்து ஒவ்வொண்ணா அடைச்சேன். கோர்ட்டு உன் பணத்துக்கு என்னைப் பொறுப்பா வச்சிருக்கே, பின்னே எதுக்கு?

— தெரியுமே. ட்ரோன்ஹெய்முக்கு டிக்கெட்டு ஐந்நூறுக்கு மேல. ஸ்டேஷன் மெஷின்ல கார்டைச் சொருகினேன். சிவப்பு எழுத்து. மறுபடி சொருகினேன், மறுபடியும் சிவப்பு. பின்னாடி நின்ன ஆளு உஸ்ஸுன்னான். "அம்மா எங்க பாப்பா?"ன்னு கேட்டான். எனக்கு முப்பத்திரெண்டு வயசு, நான் பாப்பா இல்லைன்னேன்.

— அப்படிச் சொல்லு! அப்புறம்?

— பெஞ்சுல உக்காந்து அழுதேன். கொஞ்சம்தான். எதிர்ச் சுவத்துல ரயில் போற வழி போட்டிருந்துச்சு, ஊரு ஊரா, ஒரே கோட்டுல. பார்த்துக்கிட்டே இருந்தேன். கேளு, கேளு. ரயில் முழுசாத்தான் போகுது. டிக்கெட்டு ஏன் முழுசா இருக்கணும்?

— என்னடி சொல்றே?

— எழுந்து போய், மறுநாள் ரயிலுக்கு, குரோங் வரைக்கும் ஒண்ணு கேட்டேன். பச்சை எழுத்து வந்துச்சு!

— குரோங்கா? அது பாதி வழியாச்சே. அந்தக் குளிர்ல இறங்கி என்ன பண்ணுவே?

— இறங்கவா? ஐயோ அண்ணா! டிக்கெட்டைப் பையில வச்சுக்கிட்டு விடுதிக்குப் போய்த் தூங்கினேன். விடிஞ்சா கார்டுக்கும் புது நாள்தானே? ரயில் ஏறறதுக்கு முன்னாடி அதே மெஷின்ல, குரோங்ல இருந்து ட்ரோன்ஹெய்முக்கு இன்னொண்ணு கேட்டேன். பச்சை! அதே ரயில், அதே ஜன்னல் சீட்டு. இடத்தை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

— ஹ... ஹ... ஆ!

— அண்ணா? வலிக்குதா?

— சிரிக்கறேன்டி. சிரிச்சா கண்ணு இழுக்குது. நான் அடைச்ச அடைப்புல இப்படி ஒரு ஓட்டையா!

— ஓட்டையெல்லாம் இல்லை. நான் எதையும் உடைக்கலை. ஐந்நூறுன்னே, ஐந்நூறுக்குள்ளதான் எடுத்தேன்.

— ஆமா தாயே, உள்ளதான். ஏதாவது சாப்பிட்டியா?

— ரயில்ல காபியும் ரொட்டியும் கேட்டேன். அங்கயும் சிவப்பு! கவுன்டர்ல இருந்த பொண்ணு, "உங்க கார்டு பேங்கைக் கேக்காம காசு தராது, மலைக்குள்ள சிக்னல் இல்லை"ன்னா. "அப்படியே வைங்க, மலை முடியட்டும்"னு அங்கயே நின்னேன்.

— காபி ஆறிப் போயிருக்குமே.

— பச்சைத் தண்ணியா ஆறிருச்சு. ஆனா நான் வாங்கினது. ஒரு சொட்டு விடலை. இந்தா, உனக்கும் ஒரு ரொட்டி. பழுப்புச் சீஸ் வச்சது. வாயைத் திற.

— இரு. சிரிச்சதால விட்டுட்டேன்னு நினைக்காதே. வழியில உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?

— உனக்குத்தான் ஆச்சு. அதுக்காக நான் உன்னைப் பூட்டியா வச்சேன்?

— இல்லை. ரொட்டியைக் கொடு.

— மெதுவா. சிந்தாம.

— தோர்லைஃப், டாக்டர் உங்களை வீட்டுக்கு அனுப்பலாம்னுட்டார்.

— வாங்க சிஸ்டர். நல்ல சேதிதான்.

— ஆனா தனியா விடமாட்டோம். கண்ணுக்கு வேளாவேளைக்கு மருந்து விடணும், கையைப் பிடிச்சு நடத்தணும். எனக்கு யாருமில்லைன்னு நேத்து சொன்னீங்க. இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தவங்க எங்க? அவங்ககிட்டப் பேசிடறேன்.

— இவங்களை யாரும் கூட்டிட்டு வரலை, சிஸ்டர். என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் இவங்க வந்திருக்காங்க.