"எந்தக் கார்?" என்று கேட்ட இராஜம்மா அக்கா

இந்த மன்றத்தை மழையிலும் வெயிலிலும் தோளில் தூக்கிச் சுமக்கும் தலைவர் ஐயா உடையப்பன் அவர்களே! முதல் வரிசையை எவருக்கும் விட்டுத்தராத முதுபெரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! கதவோரம் நின்று "சீக்கிரம் முடிங்கலா" என்று கண்ணாலேயே பேசும் இளஞ்சிங்கங்களே! என் கழுத்தைச் சுற்றி மாநாடு நடத்தும் கோலா சிலாங்கூர்க் கொசுக்களே! உங்கள் அனைவருக்கும் தோட்டத்து லோரி ஓட்டும் காளியண்ணனின் கனிந்த வணக்கம்!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு "எண்பதுகளில் நம் முன்னேற்றம்". முன்னேற வேண்டுமானால் ஊரை விட்டு நாலு இடம் போய்வர வேண்டும். போய்வர வண்டி வேண்டும். ஆகவே நான் பழைய கார் வாங்குவது பற்றிப் பேசப் போகிறேன். தலைவர் சிரிக்கிறார். அனுமதி கிடைத்துவிட்டது!

என் தங்கை மகள் நவமணியை உங்களுக்குத் தெரியும். அவள் கணவன் சேதுவுக்கு ராவாங் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சிதானே? மகிழ்ச்சிதான். ஆனால் ஷிப்டு முடிகிற நேரத்தில் நம் தோட்டத்துக்கு பஸ் உண்டா? இல்லை. கார் இருந்தால் சேது வீட்டுக்கு வருவான். இல்லாவிட்டால் ராவாங்கில் ஓர் அறை, ஒரு பாய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவன்! நவமணி என்னிடம் வந்து அழுதாள். "மாமா, இப்பதான் கல்யாணம் ஆச்சு. கடுதாசி போட்டா நான் குடும்பம் நடத்துறது?" என்றாள். எனக்கு நெஞ்சு கலங்கிவிட்டது.

தேடினோம். பத்திரிகையில் நான்கே வரிகளில் ஒரு விளம்பரம். "சொந்தக்காரர் விற்கிறார். ஒரே கை. சிவப்பு நிறக் குடும்பக் கார். தரகர்கள் அழைக்க வேண்டாம்." ஆகா, என்ன அழகு! என்ன அடக்கம்! சேது தபால் நிலையத்துப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினான். நானும் காதை ஒட்டவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, கார் விளம்பரம் பாத்தேங்க."

"எந்தக் கார்?"

"சிவப்புக் காருங்க."

"ஓ, சிவப்பா! தம்பி எந்தத் தோட்டம்?"

சேது சொன்னான். தோட்டத்தை மட்டுமா சொன்னான்? அப்பா பெயர், மாமனார் பெயர், ராவாங் வேலை, மாதம் முடிவதற்குள் கார் வேண்டிய அவசரம், அத்தனையும் சொன்னான்! அந்தப் பக்கத்திலிருந்து தேன் வடிந்தது. "அட, எங்கம்மாவும் அந்தப் பக்கம்தான்லா! நீ நம்ம பிள்ளை!" தொலைபேசியை வைத்த சேது துள்ளிக் குதித்தான். "மாமா, நம்ம ஆளு!"

நம்ம ஆளு! அவைக்கு ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு சொல்லைக் கேட்டு நாம் திறக்காத கதவு எது? கொடுக்காத வாக்கு எது? கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டாத இடம் எது?

நவமணியையும் கூட்டிக்கொண்டு போனோம். கடைத்தெரு காப்பிக்கடை வாசலில், தொலைபேசியில் பேசிய தங்கராஜு என்பவர் காரோடு நின்றார். பளபளவென்று கார், பளபளவென்று பல். நான் முன்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே எஞ்சின் இருந்தது. என்ன, முதல் வரிசைச் சன்னாசி அண்ணே, வேறென்ன தெரிந்தது என்கிறீர்களா? துடைத்துத் துடைத்து வைத்திருந்ததில் என் முகம்தான் தெரிந்தது!

தங்கராஜு பெருமூச்சு விட்டார். "பிள்ளை மாதிரி வச்சிருந்தோம் தம்பி. விக்கப் போறேன்னதும் என் பொஞ்சாதி ஒரே அழுகை."

அங்கேதான் ஐயா சிக்கினார்! நம் தோட்டத்து லயத்து வீடுகளில் மாடு வாங்கினால், விற்கிற வீட்டுப் பெண்ணின் கையால்தானே கயிறு வாங்குவோம்? நவமணிக்கு அது நினைவு வந்துவிட்டது. "ஐயோ பாவம், அக்கா அழுவுறாங்களா? அப்ப வெத்திலை பாக்கு வச்சு, அவங்க கையாலயே சாவி வாங்கிக்கிறேண்ணே. எங்க வழக்கம் அப்படி."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"நம்ம ஆளுதானேண்ணே, உங்களுக்குத் தெரியாததா? வண்டிய வீட்டுக்கு விடுங்க. ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு!" சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அம்மன் தேரில் அமர்ந்தபின் இறக்க யாரால் முடியும்?

சுங்கை பெசார் போகும் சாலையில் வீடு. வாசலில் இன்னும் மூன்று கார்கள். அவற்றின் இடுக்கில் ஈரத்துணியோடு தவித்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி இராஜம்மா. நவமணி வழியில் வாங்கிய வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, "அழாதீங்கக்கா, உங்க காரை நான் கண்ணு மாதிரி பாத்துக்குவேன்" என்றாள்.

இராஜம்மா அக்கா நிமிர்ந்தார். நான்கு கார்களையும் பார்த்தார். கேட்டார்: "எந்தக் கார்?"

கைதட்டுங்கள்! அந்த உத்தமிக்குத் தட்டுங்கள்! "இந்தச் சிவப்பா? இது நேத்துதானே வந்துச்சு! போன வாரம் பச்சை, அதுக்கு முந்தி நீலம். துணி காயப்போட இடமில்லலா எனக்கு! நான் ஏன் அழுவணும்? கொண்டு போனா சிரிப்பேன்!"

தங்கராஜு வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று பார்த்திருப்பார். அக்கா நிறுத்தவில்லை. "நல்ல கார் வேணும்னா சுங்கை புரோங்ல எங்க சித்தப்பா நல்லசாமியைப் பாரும்மா. அவரு காரை விக்கிறாரு, இவரு கேட்டதுக்குக் குடுக்கமாட்டேன்னுட்டாரு!"

அன்பர்களே, கார் வியாபாரம் குற்றமா? இல்லவே இல்லை. கடை வைத்து விற்பவனுக்கு ஒரு வாசல் இருக்கும். வண்டி நடுவழியில் படுத்தால் அந்த வாசலில் போய் நின்று நியாயம் கேட்கலாம். சொந்தக்காரன் வேடம் போடுபவன் அந்த வாசலைத்தானே மறைக்கிறான்? ஒரு கார் வைத்திருப்பவன் "எந்தக் கார்" என்று கேட்பானா? தன் காரை வீட்டில் காட்டாமல் காப்பிக்கடைக்கு ஓட்டிவருவானா? கேளுங்கள் தம்பிகளே! கூச்சமில்லாமல் கேளுங்கள்! "நம்ம ஆளு" என்று சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்!

நல்லசாமி ஐயா வீட்டில் நாங்கள் எதையும் கேட்க வேண்டியே வரவில்லை. மனிதர் காரின் நோய்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்தார். "இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும். மழை பேஞ்சா பின்சீட்டு நனையும். ஹார்ன் காலையில கொஞ்சம் கரகரன்னு இருக்கும், அப்புறம் சரியாயிடும்." உடன் வாழ்ந்தவருக்குத்தானே குறை தெரியும்! அவர் மனைவி அன்னம்மா சாவியைக் கொடுக்கும்போது உண்மையாகவே அழுதார். நவமணியும் சேர்ந்து அழுதாள். நான் மட்டும் அழவில்லை. கண்ணில் தூசு.

நேற்று மாலை அவர்கள் லயத்துக்குப் போயிருந்தேன். நவமணி சோறு போட்டுக்கொண்டே பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினாள். செம்மண் பாதையில் கார் வரும் சத்தம். அவள் முகத்தைப் பார்த்தேன் சபையோரே! "மாமா, அவரு வந்துட்டாரு" என்று சொல்லி இன்னொரு தட்டை எடுத்துவைத்தாள். கார் இல்லாவிட்டால் அந்தத் தட்டு ராவாங்கில் ஓர் அறையில் தனியாகக் கிடந்திருக்கும். இப்போது அது நவமணியின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துச் சிரித்து என்னைக் கெடுத்த தாய்மார்க்கும், மணியடிக்காமல் மன்னித்த தலைவர்க்கும் என் நன்றி. எல்லோரும் நல்லபடியாக, நேரத்தோடு, அவரவர் வீட்டுச் சோற்றுக்குப் போய்ச் சேருங்கள். வணக்கம்!