டியூப்பின் மறுமுனை

ஐரின்: இல்ல அய்யாவு, நான் சொல்லல. பக்கத்து வீட்டு பிரிஜெட்தான் மதில் மேல எட்டிப் பாத்துச் சொன்னா. "என்ன ஐரின், உன் மீன் குளம் குனிஞ்சு கும்பிடுது"ன்னு ஒரே சிரிப்பு.

அய்யாவு: அந்தம்மாவுக்கு எல்லாமே கோணல்தான் டீச்சரம்மா. மொதல்ல அவங்க வீட்டு கேட்டை நிமித்தச் சொல்லுங்க.

ஐரின்: அப்புறம் ஏன் என் செருப்பு நனையுது?

அய்யாவு: ...எங்க நிக்கிறீங்க?

ஐரின்: பள்ளத்துப் பக்கம். கொய்யா மரத்துக்கிட்ட. கரை மேல வழிஞ்சு ஓடுது.

அய்யாவு: அப்போ குளம் நெறஞ்சிடுச்சு. மோட்டரை நிறுத்துங்க.

ஐரின்: நிறுத்தி அரை மணி ஆச்சு. மேட்டுப் பக்கம் போய் கையை விட்டுப் பாத்தேன். அங்க தண்ணி ஒரு சாண் கீழ இருக்கு.

அய்யாவு: ஒரே குளந்தானம்மா?

ஐரின்: நீங்கதானே கட்டினீங்க. ஒண்ணுதான்.

அய்யாவு: இங்க வழியுது... அங்க ஒரு சாண் கொறையுது...

ஐரின்: முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்கு சயின்ஸ் எடுத்தவ நான். தண்ணி சாஞ்சு நிக்காது.

அய்யாவு: முப்பத்தெட்டு வருஷம் கரணை பிடிச்சவன் நான். என் சுவரும் சாயாது.

ஐரின்: அப்ப எதுதான் சாஞ்சுது?

அய்யாவு: பூமியா இருக்கும். உங்க பின்பக்கமே சரிவுதானே.

ஐரின்: விளையாடாதீங்க. நாலு மணிக்கு க்ளென் வர்றான். இந்தக் கோலத்தைப் பாத்தான்னா அவ்ளோதான். "ஒரு குளத்தை ஒழுங்கா கட்டி வாங்க முடியல, தனியா எப்படிம்மா இருப்ப"ன்னு மூட்டை கட்டிடுவான். அவன் வீடு எலெக்ட்ரானிக் சிட்டியில பதினோராவது மாடி. மகன்தான்... ஆனா நான் இங்கேதான் இருக்கணும் அய்யாவு.

அய்யாவு: இருப்பீங்க. இருங்க, ரசமட்டம் வெச்சுடறேன்... இந்தா. குமிழி நட்டநடுவுல நிக்குது.

ஐரின்: நடுவுலயா?

அய்யாவு: நீங்களே குனிஞ்சு பாருங்க.

ஐரின்: ...ம். ஆமா. நடுவுலதான்.

அய்யாவு: பாத்தீங்களா!

ஐரின்: அப்ப கரை மட்டமா இருக்கு. தண்ணியும் மட்டமா இருக்கு. செருப்பு மட்டும் எப்படி நனையுது?

அய்யாவு: எனக்கும் ஸ்வல்ப கொழப்பமாத்தான் இருக்கு... ஆமா, தண்ணியில ஆரஞ்சு கலர்ல அது என்ன?

ஐரின்: மீன். குளத்துல விட வாங்கி வெச்ச பக்கெட்லேர்ந்து குதிச்சிருக்கும்.

அய்யாவு: பக்கெட்டு வராண்டாவுல இல்ல இருக்கு?

ஐரின்: அப்ப... இலை.

அய்யாவு: இல்லம்மா, நெளியுது. மீனுதான். வாலு தெரியுது.

ஐரின்: ஆமா, ஆமா, வாலு! ஐயோ, மேல மிதக்குதே. பிடிங்க, செத்துடப் போவுது!

அய்யாவு: ...பிடிச்சுட்டேன்.

ஐரின்: உசிரு இருக்கா?

அய்யாவு: சிப்ஸ் கவருங்க. காத்துல நெளிஞ்சிருக்கு.

ஐரின்: வாலு தெரியுதுன்னீங்க?

அய்யாவு: நீங்களும் ஆமா ஆமான்னீங்களே.

ஐரின்: சரி, விடுங்க. மொதல்லேர்ந்து வருவோம். அன்னிக்குத் தண்ணி டியூப்பு பிடிச்சோமே... மேட்டுல யாரு?

அய்யாவு: நான். ஒரு முனை என்கிட்ட. ஆளு வரல, மறுமுனையை நான் பிடிக்கிறேன்னு நீங்க பள்ளத்துல நின்னீங்க. டியூப்போட ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும்ல? அதை வெச்சுத்தான் கரை மட்டம்.

ஐரின்: நீங்க மேலேர்ந்து "சரியா"ன்னு கேட்டீங்க.

அய்யாவு: நீங்க "சரி"ன்னீங்க. தண்ணி நின்ன எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டீங்க. அந்தக் கோடு வரைக்கும் நான் கல்லு வெச்சேன்.

ஐரின்: அந்தக் கோடு...

அய்யாவு: கோட்டுக்கு என்ன?

ஐரின்: க்ளென்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

அய்யாவு: சத்தியமா இல்ல. சொல்லுங்க.

ஐரின்: டியூப்புல தண்ணி எங்க நின்னுச்சுன்னு நான் பாக்கல. பாத்தேன்... தெரியல. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆறு மாசமாச்சு. எதைப் பாத்தாலும் முன்னாடி வெள்ளைத் துணி தொங்குற மாதிரி. ஆபரேஷன்னா அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவான், திருப்பி விட மாட்டான். யார்கிட்டயும் மூச்சு விடல.

அய்யாவு: அப்போ கோடு?

ஐரின்: நீங்க அவ்ளோ தைரியமா "சரியா"ன்னு கேட்டீங்க. மேஸ்திரி பாத்துட்டார், நாம என்ன பாக்கறதுன்னு ஒரு குத்துமதிப்பா இழுத்துட்டேன்.

அய்யாவு: இப்ப ரசமட்டத்துல... குமிழி நடுவுலன்னீங்களே?

ஐரின்: நீங்கதானே சொன்னீங்க. கோவமா?

அய்யாவு: கோவம் இல்லம்மா...

ஐரின்: ஐயோ, ஹாரன். அவன் வண்டிதான்! அய்யாவு, சீக்கிரம். பள்ளத்துப் பக்கம் எத்தனை வரி கல்லு ஏத்தணும்? நல்ல கண்ணு இருக்கிறவர், நீங்க பாத்து ஒண்ணு சொல்லுங்க. மேஸ்திரி நாளைக்கே முடிச்சிடுவார்னு அவன்கிட்ட நான் தைரியமாப் பேசிக்கிறேன்.

அய்யாவு: மேட்டுப் பக்கம் வாங்க டீச்சரம்மா, ரெண்டு பேரும் கையை விட்டுத் தடவித்தான் அளக்கணும். வெளிய தெரிஞ்சா யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு நானும் சொல்லல... அன்னிக்கு "சரியா"ன்னு உங்களைக் கேட்டதே, என் முனையில தண்ணி எங்க நிக்குதுன்னு என் கண்ணுக்கும் தெரியாமத்தான்.