பின்னால் தொங்கிய சேலை

எல்கடுவையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நீலச் சேலை கட்டிய ஒரு பிள்ளை பக்கத்து அக்காவிடம் சொன்னாள்:

“செவுத்துல தொங்கவிட்ட சேல விழுந்ததுதான் நல்லதாப் போச்சுக்கா.”

“என்னாடி சொல்ற?”

“அந்திக்கு ஒன்லைன்ல படிக்கிறேன்ல, இங்கிலாந்துப் பழைய சினிமாப் படங்களப் பத்தி? கேமராவுல தோட்டத்து லய வீட்டுச் செவுரு தெரியும்னு பின்னால ஒரு சேலையக் கட்டிட்டுத்தான் ஒக்காருவேன். டவுன்ல இருக்கேன்னு வேற சொல்லி வச்சிருந்தேன்.”

“அடிப்பாவி.”

“நேத்து சாரு, அந்தப் படங்கள்ல வர்ற மலையெல்லாம் நெசமில்ல, துணியில வரஞ்சு பின்னால தொங்கவிட்டதுன்னு காட்டிக்கிட்டிருந்தாரு. அந்த நேரம் பாத்து கயிறு அறுந்துருச்சு. கரி புடிச்ச செவுரு, வெறகு, சோறு தின்னுக்கிட்டிருந்த அப்பா, எல்லாமே தெரிஞ்சிருச்சு.”

பஸ் வளைவில் சாய்ந்தது. நானும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டேன்.

“ஐயையோ. சிரிச்சாங்களா?”

“இல்லக்கா. நான் சேலைய எடுத்துத் திரும்பக் கட்டப் பாத்தேன். அப்புறம் சாரு எந்திரிச்சு, அவருக்குப் பின்னால இருந்த புத்தக அலுமாரியப் புடிச்சு ஒரே இழுப்பு. அது படம் அச்சடிச்ச துணிக்கா! அங்கிட்டுப் பாத்தா கேஸ் சிலிண்டரும் வெங்காயக் கூடையும். கண்டியிலருந்து படிக்கிற ஒருத்தி, அவளும் பின்னால கட்டியிருந்த பெட்சீட்ட அவுத்துட்டா. எல்லாரும் அப்பாவுக்குக் கை காட்டுனாங்க. அவரு எச்சிக் கையோடயே கும்பிட்டாரு.”

“அப்ப இனி அந்தச் சேல?”

அவள் தோளிலிருந்த நீல முந்தானையை இழுத்துவிட்டாள்.

“இந்தா, கட்டிக்கிட்டு வந்துட்டேன்ல.”